மூன்று சி வாசல்

பழைய மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் வாடகை வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் அந்த இடம். வருஷக்கணக்காக அங்கே இருந்ததெல்லாம் ஒரு நீண்ட மதில், அதற்குப் பின்னால் சீமைக்கருவேல முள், முள்ளுக்கு மேலே தலை நீட்டும் ஒரு புகைபோக்கி. சாயங்காலம் ஆனால் அந்த ரோட்டில் ஆட்டோக்காரர்கள்கூட வரமாட்டோம் என்பார்கள். பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள். பக்கத்தில் மேம்பாலம் வந்தது. மில்லின் பஞ்சுக் கிடங்கு ஒன்றில் பிள்ளைகள் பந்து விளையாடும் கூடம் திறந்தார்கள். ஒரு நாள் மதிலை இடித்துவிட்டு நீலத் தகரம் அடித்தார்கள். தகரத்தில் பெரிதாக ஒரு படம். ஒரு பெண்மணி பால்கனியில் நின்று காப்பி குடித்துக்கொண்டே மேற்கு மலையைப் பார்க்கிறாள். அந்தப் பெண்மணி நான்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பம்ப் செட் கம்பெனியில் வேலை பார்த்தவர். கிணறு கிணறாக இறங்கி மோட்டாரைப் பார்த்தவர் என்பதால் எதற்கும் அவசரப்பட மாட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு எல்லாவற்றுக்கும் அவசரம். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டில் குடியிருந்தவளுக்கு, ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாத சுவர் எத்தனை பெரிது என்று சொந்த வீட்டுக்காரர்களுக்குப் புரியாது. நாலாவது மாடியில் சி என்ற வீட்டுக்கு முன்பதிவு செய்தோம். அன்றிலிருந்து என் பெயரே போய்விட்டது. வீடு வாங்குகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு ஆரம்பித்தார்கள். அதில் எல்லோரும் வீட்டு எண்தான். நான் நாலு சி.

அண்ணனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பா போன பிறகு எனக்கு அப்பா ஸ்தானம் அவர்தான். பல்லடம் பக்கம் தோட்டமும், கொஞ்சம் தறியும், ஒரு கோழிப் பண்ணையும் வைத்திருக்கிறார். நாங்கள் ஓய்வு பெற்றதும் அவர் வீட்டுப் பக்கத்திலேயே வந்து கட்டிக்கொள்வோம் என்று அவர் மனதுக்குள் கல் நட்டு, கிணறு வெட்டி, தென்னை வைத்து எல்லாம் முடித்திருந்தார். நாங்கள் அடுக்குமாடி என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"நம்ம சனத்துல எவனாச்சும் அந்தரத்துல ஊடு வாங்குவானா அம்மணி? கால் வெக்கறதுக்கு மண்ணு வேண்டாமா?" என்றார்.

"அண்ணா, கீழ பூங்கா எல்லாம் வருதுங்க" என்றேன்.

"பூங்காவுல போயி பால் காச்சுவியா?"

அத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். போன் செய்தால் நங்கைதான் எடுப்பார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம். "அவியெ தோட்டத்துல இருக்கறாங்க" என்பார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் தோட்டத்தில்தான் இருப்பார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் வழக்கத்தில் ஒரு பெண் எத்தனை சம்பாதித்து எத்தனை பெரிய வீடு கட்டினாலும், பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ சீர்த்தட்டோடு வந்து நின்றால்தான் அது வீடு. அண்ணன் வராமல் பால் காய்ச்சினால் உறவுக்காரர்கள் எல்லோரும் வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஏன் வரவில்லை என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போவார்கள். அவர்கள் பேசுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் புது வீட்டில் அண்ணன் கால் படாமல் இருப்பதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த வருத்தத்தையும் மறக்க வைத்தது கண்முன்னே எழும்பிய கட்டடம். வேலை நடக்கும் இடத்துக்குள் எங்களை விடமாட்டார்கள். அதனால் எதிர்ப்பக்கத்து பேக்கரியில் ரோட்டைப் பார்த்த மேசை எனக்கென்று ஆகிவிட்டது. ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பூமியைத் துளைக்கும் இயந்திரம் வந்தபோது பேக்கரிக் கண்ணாடி அலமாரியில் பப்ஸ் எல்லாம் குதித்தது. பேக்கரிக்காரர் தலையில் கை வைத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு கம்பி கட்டினார்கள். கான்கிரீட் கலந்துகொண்டே வரும் லாரிகள் வரிசையாக நிற்கும். நீளமான குழாய் ஒன்று யானை தும்பிக்கையைத் தூக்குகிற மாதிரி எழுந்து, மேலே கொண்டுபோய்க் கொட்டும். ஒவ்வொரு தளம் போடும்போதும் வீட்டுக்காரருக்கு போன் செய்து சொல்வேன். "கெணத்துல தண்ணி வந்த மாதிரி கத்தற" என்பார். கத்தினேன்தான். நாலாவது மாடித் தளம் போட்ட அன்று பேக்கரியில் இருந்த எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். யார் யாரோ சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

வாட்ஸாப் குழுவில் எனக்குப் பிடித்த ஆள் மூன்று சி. எங்களுக்கு நேர் கீழ் வீடு. மற்றவர்கள் எல்லாம் காலை வணக்கமும் பூப்படமும் போடுவார்கள். மூன்று சி கேள்வி மட்டும்தான் கேட்கும். குழாயில் சிறுவாணித் தண்ணீர் வருமா, போர்த் தண்ணீரா? லிப்ட் நின்றுபோனால் எத்தனை நேரத்தில் ஆள் வருவார்? ஸ்ட்ரெச்சர் உள்ளே போகிற அளவுக்கு லிப்ட் அகலமா? கம்பெனிக்காரர்கள் மழுப்பினால், "பதில் வரவில்லை" என்று மட்டும் போடும். மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்ற யாரோ என்று நினைத்துக்கொண்டேன். மீசைகூட மனதில் வரைந்து வைத்திருந்தேன்.

சுவர் எல்லாம் எழும்பி, வாசல் சட்டம் பொருத்துகிற கட்டம் வந்தது. தலைவாசலின் மரச் சட்டத்தை எங்கள் பக்கம் நிலவு என்போம். நிலவு வைப்பது எங்களுக்குப் பெரிய சடங்கு. சட்டத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் நவதானியமும் காசும் முடிந்து அடியில் வைத்து, அதன்மேல் சட்டத்தை நிறுத்த வேண்டும். எங்கள் குடும்பத்தில் அப்போது பிறந்த வீட்டு ஆண் ஒருவர் சட்டத்தைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுக்குமாடிக் கம்பெனிக்கு இதெல்லாம் தெரியுமா? அவர்கள் பாட்டுக்கு ஒரே நாளில் பத்து வாசலுக்குப் பொருத்திவிட்டுப் போவார்கள். சைட் என்ஜினியரைக் கெஞ்சி, எங்கள் வீட்டுக்கு மட்டும் விடியற்காலை முகூர்த்தத்தில் வைக்க அனுமதி வாங்கினேன். பிறகு நங்கைக்கு போன் செய்து அழுதேன். நன்றாகவே அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அண்ணனே பேசினார்.

"நெலவு வெக்கறதுக்கு வாரேன். வேற பேச்சு வேண்டாம்" என்றார்.

வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் அவர் தோட்டத்து மாவிலை. இரண்டு வருஷம் கழித்து என் முன்னால் நிற்கிறார். கட்டடத்துக்குள் நாங்கள் எல்லோரும் நுழைவது அதுதான் முதல் தடவை. லிப்ட் இன்னும் வரவில்லை, கைப்பிடி இல்லாத படிக்கட்டு, எங்கேயும் மாடி எண் எழுதவில்லை. அண்ணன் முன்னால் ஏறினார். கார் நிறுத்தும் கீழ்த்தளத்திலேயே, "இது ஒண்ணு" என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தார். அடுத்தது இரண்டு, அதற்கு அடுத்தது மூன்று. "இதா, நாலு" என்று நின்றார். அண்ணன் எண்ணிவிட்டால் எங்கள் குடும்பத்தில் யாரும் திருப்பி எண்ணுவதில்லை. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த நானும் எண்ணவில்லை.

மர வேலை செய்யும் ஆசாரி மேலே எங்கேயோ இருந்தார். அண்ணன் படிக்கட்டில் நின்று, "ஏனுங்க, எங்க இருக்கறீங்க? நேரமாகுதுங்க" என்று குரல் கொடுத்தார். ஆசாரி இறங்கி வந்தார். எங்களைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"இங்கயாங்க?"

"பின்ன எங்கீங்க?"

"சரீங்க" என்று வேலையை ஆரம்பித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் மட்டும் உள்ளே போய் ஜன்னலுக்கான ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். பேக்கரியிலிருந்து பார்த்துப் பார்த்து எங்கள் ஜன்னலின் உயரம் எனக்கு மனப்பாடம். பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மலை தெரிய வேண்டும். "தொட்டி மறைக்குதே..." என்று இவர் ஆரம்பித்தார். அண்ணன் அப்போதுதான் சட்டத்தில் கை வைத்திருந்தார். முகத்தில் சிரிப்பு. நான் இவரை ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார்.

நிலவு நின்றது. தேங்காய் உடைத்தோம். நங்கை கற்பூரம் காட்டினார். அண்ணன் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "மரம் நல்ல மரந்தான்" என்றார். அடுக்குமாடியைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நான் ஆகாயத்தில்தான் இருந்தேன். எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது படியேறி ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் ஹெல்மெட், தோளில் பை, முகத்தில் இரவு முழுக்க வேலை பார்த்த களைப்பு. வாசலில் மாவிலையைப் பார்த்தாள், மஞ்சளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்கெல்லாம் யாருங்க? இது என்ற ஊடுங்க" என்றாள்.

ஆசாரிதான் மெதுவாகச் சொன்னார்: "ஆமாங். இது மூணாவதுங்க."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?" என்றார் அண்ணன்.

"நீங்க சொன்னீங்களேங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஒரு ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ் என்றும், டியூட்டி முடிந்து போகிற வழியில் ஸ்விட்சு எங்கே வருகிறது என்று பார்க்க வந்ததாகவும் சொன்னாள். குழுவில் கேள்வி கேட்கும் மூன்று சி இவள்தான். என் மனதில் இருந்த மீசைக்காரர் காணாமல் போனார். நான் தொன்னையில் பொங்கலை வைத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். எல்லாம் சிரிப்போடு முடிந்திருக்கும்.

அண்ணன் கேட்டார்: "எந்த ஊருங்க அம்மணி?"

எங்கள் பக்கம் இந்தக் கேள்வி ஊர்ப் பெயரைத் தெரிந்துகொள்ள மட்டும் கேட்பதில்லை. எந்தச் சாதி என்று நேராகக் கேட்க முடியாத இடத்தில், ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டு வந்து சேர்ந்துவிடுவார்கள். அவளுக்கும் அது தெரியும். அண்ணனுக்கு அத்தனை வேலை வைக்காமல் மொத்தமாகச் சொன்னாள்.

"வால்பாறைங்க. எஸ்டேட் லைன்ல பொறந்தேன். அப்பா அம்மா ரெண்டு பேரும் கொழுந்து பறிச்சவங்க. அதுக்கு முந்தி எங்க தாத்தா கீழ உங்க பக்கந்தான், பண்ணையத்துல ஆளா இருந்தாருங்க. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க."

அண்ணன் முகம் மாறியது. எங்கள் தோட்டத்துக்கும் அப்படிப் பரம்பரைப் பண்ணையாட்கள் உண்டு. அவர்கள் வீட்டு வாசலில் எங்கள் வீட்டு ஆண்கள் சடங்கு செய்வது என்பது அவர் கேள்விப்படாத விஷயம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆசாரியிடம் திரும்பினார்.

"அந்த முடிச்ச எடுத்துருங்க. மேல கொண்டுட்டு போயி வெச்சுக்கலாம்."

"நில்லுங்க" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "என்னையக் கேக்காம வெச்சுப்போட்டீங்க. தெரியாம நடந்தது, சரி. இப்ப என்னையக் கேக்காம எடுக்கறது தெரிஞ்சே செய்யறதுங்க. என்ற வாசல்ல இருக்கறது அங்கயே இருக்கட்டும்."

அண்ணனை யாரும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் படியிறங்கிப் போய்விட்டார். நங்கை என்னைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார். கீழே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஒரு மாடி மேலே என் வாசல் அப்படியே திறந்து கிடந்தது.

அடுத்த வாரம் எங்கள் நிலவை ஆசாரி வைத்தார். நானும் வீட்டுக்காரரும் மஞ்சள் பூசினோம். பிறந்த வீட்டுக் கை இல்லை. அண்ணன்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். என் வாசலை விட்டுப் போனதற்கு ஒரு ஆத்திரம், எதற்காக விட்டுப் போனார் என்பதற்கு அதைவிடப் பெரிய ஆத்திரம். போன் செய்தேன். தோட்டத்தில் இருக்கிறார் என்றார் நங்கை.

ஆனால் கட்டடம் யாருடைய கோபத்துக்கும் காத்திருக்கவில்லை. பூச்சு வேலை முடிந்தது. டைல்ஸ் பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. ஒரு நாள் பேக்கரியில் என் மேசைக்கு எதிரே மூன்று சி வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு மட்டுந்தான் வேடிக்கை பாக்கத் தெரியுமாங்க டீச்சர்?" என்றாள். அதற்குப் பிறகு டியூட்டி இல்லாத சாயங்காலமெல்லாம் வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்தால் பேக்கரியே அதிரும். வெளிச்சுவருக்கு என்ன வண்ணம் என்று நாங்கள் போட்ட பந்தயத்தில் அவள் ஜெயித்தாள். லிப்ட் வந்து இறங்கிய அன்று அவள் ரோட்டைத் தாண்டி ஓடிப்போய், பெட்டியின் அகலத்தைக் கைவிரித்து அளந்துவிட்டு, ஸ்ட்ரெச்சர் போகும் என்று இங்கே நின்ற எனக்குக் கைகாட்டினாள். காவலாளி விரட்டினார். "என்ற கூரைமேலதான் நீங்க நடக்கப் போறீங்க. மெதுவா நடங்க" என்று என்னைச் சீண்டுவாள். "என்ற தரைக்குக் கீழதான் நீங்க குடியிருக்கப் போறீங்க. பணிவா இருங்க" என்பேன்.

சிறுவாணி இணைப்பு கொடுத்த அன்று என்ஜினியர் எங்களை உள்ளே கூப்பிட்டார். கீழ்த்தளத்துக் குழாயைத் திறந்தார்கள். முதலில் துரு, பிறகு காற்று, பிறகு தெளிந்த தண்ணீர். மூன்று சி கையில் ஏந்திக் குடித்தாள். நானும் குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசியைக் கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. வீடு வந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"அண்ணன் வருவாருங்களா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியல."

"அன்னிக்கு நான் பேசுனது தப்புன்னு எனக்குத் தோணலைங்க டீச்சர். ஆனா உங்களுக்கு அண்ணன் வேணுமே. அதான் ஒரு மாதிரி இருக்குது" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாவி கொடுக்கும் தேதி சொன்னார்கள். எங்களுக்குப் புதன்கிழமை முகூர்த்தம். அவளுக்கு அதற்கு முந்தின ஞாயிறு, சர்ச் முடிந்து ஜெபம். வெற்றிலைத் தட்டோடு அண்ணனை அழைக்கப் பல்லடம் போனேன். தறிக் கொட்டகையில் இருந்தார். தறிச் சத்தத்தில் நான் கத்திச் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினார். பிறகு வெளியே வந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் ஒரே நாள்ல பால் காச்சறீங்களா?" என்றார்.

"இல்லீங்கண்ணா. நமக்குப் புதன். கீழ் ஊட்டுல ஞாயித்துக்கெழமை காலைல ஜெபம், அப்பறம் பால் காச்சறாங்க."

"பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று சி வீட்டுக்கு நாங்கள் போனோம். வாசலில் வாடிய மாவிலைக்குப் பதிலாகப் பூச்சரம் கட்டியிருந்தாள். மஞ்சள் பூசிய இடத்தை வார்னிஷ் அடித்தவர்கள் அவள் சொல்லித் தொடாமல் விட்டிருந்தார்கள். அதற்கு மேலே ஒரு சிறிய மரச் சிலுவை. உள்ளே ஆஸ்பத்திரித் தோழிகள், சர்ச்சிலிருந்து சிலர், வால்பாறையிலிருந்து வந்திருந்த அவள் அம்மா. எஸ்டேட்டிலேயே காலம் தள்ளிய அந்த அம்மாளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். புது வீட்டில் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். மற்றவர்களுக்குப் பாய். ஜெபம் முடிந்தது. பால் பொங்கியது. நான் அடுப்படியில் நின்று டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தேன். பேச்சு எல்லாம் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன்.

வாசலில் அண்ணன் நின்றார். பின்னால் நங்கை, கையில் பெரிய தட்டு. பழம், தேங்காய், பூ, மடித்து வைத்த பட்டுச் சேலை. சீர்த்தட்டு. பாவம், கிழமையை மாற்றி நினைத்துக்கொண்டு வந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஓடினேன்.

"அண்ணா, நமக்குப் புதன்கெழமைங்க. மேல் ஊடுங்க."

"தெரியும் அம்மணி" என்றார். "நான் நெலவு வெச்ச ஊடு இது. இங்க சீரு கொண்டுட்டு வராம உன்ற ஊட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றது? ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணிப் பாத்தேன். வேற வழி தெரியல."

பிறகு அவளைப் பார்த்தார். அவள் வாசலுக்கு உள்ளே நின்றாள். வழி விடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அம்மணி, அன்னிக்கு எடுக்கச் சொன்னது என்ற தப்புங்க. வரலாமுங்களா?"

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். நங்கையின் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். "வாங்க" என்று நகர்ந்தாள். நங்கை தட்டை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, "பால் குடிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் அங்கே இருந்த எல்லோருக்கும் அது என்ன கேள்வி என்று தெரியும். என் அப்பா தன் ஆயுசில் அப்படி ஒரு வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அண்ணனும் குடித்ததில்லை. அடுப்படியிலிருந்து டம்ளரை எடுத்து வந்தது நான்தான். அவள் என் கையிலிருந்து வாங்கி, தானே அவருக்குக் கொடுத்தாள்.

அண்ணன் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். அப்போதுதான் பார்த்தேன். அவள் அம்மா நாற்காலியில் இல்லை. வேட்டி கட்டிய பெரியவர் வாசலில் வந்ததுமே எழுந்து, சுவரோரமாக ஒதுங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"அம்மா, உக்காரு. இது நம்ம ஊடு" என்றாள் மகள்.

அந்த அம்மாள் அசையவில்லை. "இருக்கட்டுங் சாமி, இருக்கட்டும்" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

அண்ணன் பாலைக் குடிக்காமல் டம்ளரைத் தரையில் வைத்தார். காத்திருந்தார். பாலில் ஆடை படிய ஆரம்பித்தது. மகள் போய்த் தோளைப் பிடித்து அழைத்து வந்தாள். அந்த அம்மாள் நாற்காலியின் நுனியில் முதலில் உட்கார்ந்தாள், பிறகு கொஞ்சம் நகர்ந்து, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் டம்ளரை எடுத்தார்.